பூமாரியும் வணக்கப் பெட்டியும்

சாருலதாவின் சமையல் வலைப்பூவில், பக்கத்துக்கு அழகு சேர்க்க அவள் ஒட்டவைத்த குட்டி நிரல்களாக, இரண்டு ப்ளகின்கள் இருந்தன. பூமாரி பக்கமெங்கும் பூக்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வணக்கப் பெட்டியோ வருகிறவர் கண்ணை மறைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று நிற்கும்.

ஒருநாள் சாருலதா மென்பொருளைப் புதுப்பித்தாள். பக்கம் வெறும் வெள்ளையாகிவிட்டது. பதறிப்போய் இரண்டு ப்ளகின்களையும் நிறுத்திவைத்தாள். பக்கம் திரும்பி வந்தது. அதில் அவளுடைய பிரண்டைத் துவையல் குறிப்பு மட்டும் இருந்தது.

"நாம் இல்லாத இடத்துக்கு யார் வரப்போகிறார்கள்?" என்று பூமாரி விசும்பியது.

சற்று நேரத்தில் ஒரு பின்னூட்டம் வந்தது: "ரொம்ப நாளாக இங்கே வருகிறேன். இன்றைக்குத்தான் ஒரு குறிப்பை முழுசாகப் படித்தேன்."

"கேட்டாயா!" என்றது பெட்டி. "இத்தனை நாளும் மனுஷர் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்."

பூமாரிக்கு மனம் குளிர்ந்தது. இரண்டும் நிம்மதியாகத் தூங்கிப்போயின.