ஆட்சேபணைக்காரர்

“மொட்டைக் கடுதாசி போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. கையெழுத்துப் போட்டு, கீழே விலாசமும் எழுதிக் கொடுத்திருக்கார்!”

நகராட்சியிலிருந்து வந்த நகலை ஆட்டிக்கொண்டே தையல்காரர் கத்தினார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“யாருங்க?”

“வேற யாரு? பக்கத்து வீட்டு ஆட்சேபணைக்காரர்தான்.”

அந்தத் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. நகராட்சியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கொசு மருந்து அடித்தாலும் ஆட்சேபணை, அடிக்காவிட்டாலும் ஆட்சேபணை.

வெள்ளம் வந்து போய் எட்டு மாதம். வீடு போனவர்களுக்காக மேட்டு நிலத்தில் நகராட்சி மலிவு விலை வீடுகள் கட்டியிருந்தது. வீடு அறுபது; தையல்காரருடையதையும் சேர்த்து மனு நானூறு. தையல்காரர் வீட்டுச் சுவரோ நாளுக்கு நாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. கூரை எப்போது இறங்குமோ என்று தன் மகள்கள் இருவரையும் துணி வெட்டும் மேசைக்கு அடியில்தான் படுக்க வைத்திருந்தார்.

“அப்படி என்னதான் எழுதியிருக்கார்?”

“கேளு. ‘மேற்படியார் வீட்டில் வெள்ளம் கணுக்கால் அளவே வந்தது. சுவர் கல்லுப் போல் உள்ளது. அதிகாரிகள் நேரில் வந்து தட்டிப் பார்க்கலாம்.’ தையல் மெஷினே முங்கிப் போச்சு, கணுக்காலாம்! இவர் கணுக்கால் என்ன கழுத்துலயா இருக்கு?”

“அவர் வீட்டுலயும்தானே தண்ணி ஏறிச்சு? அவரும் மனு போட்டிருக்காரே?”

“அதான்! போட்டிக்கு ஆளைக் குறைக்கிறார்.”

ஆட்சேபணைக்காரர் தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டை மேசைமேல் கிடந்தது. தையல்காரர் அதை எடுத்து, இரண்டு பைகளின் வாயையும் இரட்டைத் தையல் போட்டு மூடினார். கொண்டுபோய் அவர் வாசலிலேயே நீட்டினார்.

“நல்லா இருங்க பெரியவரே. என் பொண்ணுங்க தலையில சுவர் விழட்டும். நீங்க புது வீட்டுல காலை நீட்டிப் படுங்க.”

“சட்டத்துல இடம் இருக்கு தம்பி, கொடுத்தேன்.” அவர் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார், போகவில்லை. “பரவாயில்லை. உள்ளே போட நம்மகிட்ட என்ன இருக்கு?”

ஐந்தாம் நாளே நகராட்சி இன்ஜினீயர் வந்துவிட்டார். சின்னச் சுத்தியலால் சுவரில் ஒரு தட்டு. செங்கல் ஒன்று பொத்தென்று அவர் காலடியில் விழுந்தது. தெருவில் போன நாய் அந்த ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது.

“இதுக்குள்ள மனுஷங்க இருக்கீங்களா?” இன்ஜினீயர் இரண்டடி பின்வாங்கினார். மேசைக்கு அடியில் விரித்திருந்த படுக்கை கண்ணில் பட்டது. நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். “பதினேழாம் நம்பர் வீடு. போய்ச் சாவியை வாங்கிக்குங்க.”

தையல்காரர் கும்பிட்டார். “ஐயா, எதிர் வீட்டு டீச்சரம்மா வீடும் இதே கதிதான். அதையும் ஒரு பார்வை...”

“அவங்க மேல ஆட்சேபணை வந்திருக்கா?”

“சேச்சே! தங்கமானவங்க.”

“அப்ப அடுத்த வருஷம் ஆகும். ஆட்சேபணை வந்த மனுவைத்தான் ஏழு நாளுக்குள்ள நேர்ல பார்த்து முடிக்கணும்னு விதி. மத்ததெல்லாம் ஃபைல் கட்டுக்குள்ள தூங்கும்.”

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

எழுதிக்கொண்டிருந்த ஆட்சேபணைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் கத்தரிக்கோலைப் பார்த்தார். “எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம் தம்பி.”

“கால்சட்டையைக் கொடுங்கண்ணே, பையைப் பிரிக்கணும்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நீ சிரிச்சுக்கிட்டே திரிவே. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம்னு ஆபீசுல கண்டுபிடிச்சிடுவாங்க. கொஞ்சம் இரு, டீச்சரம்மா மேல ஒண்ணு முடிச்சிடறேன்.”

“அப்ப உங்க மனு?”

“அது நிம்மதியாத் தூங்குது,” என்றார் அவர் சலிப்போடு. “தெருவே சேர்ந்து என்னை வாயாலதானே திட்டுறீங்க? ஒருத்தராவது எழுத்து மூலமா கொடுக்கறீங்களா?”