சீதேவியின் குடை

“அஞ்சு மணிக்குத்தான் பார்க்க விடுவம், டீச்சர்.” ஆஸ்பத்திரிக் கேற்றில் நின்ற வாச்சர் முத்தலிப் மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.

“மகள் ரெண்டாம் மாடியில, டெங்கு வாட்டில. கெம்பஸ் பரீட்சை மேற்பார்வையால பகல் பார்க்கிற நேரம் வர ஏலாமப் போயிட்டு. அஞ்சு நிமிசம் விடுங்களன்.”

“மேல கமெரா இரிக்கு. மந்திரி வந்தாலும் அஞ்சு மணிதான்.”

அப்போது மணி மூன்று. ஹிதாயா கஞ்சிப் போத்தலோடு திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தாள். வாவிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லை. கல்லு மனிசன் என்று மனதுக்குள் திட்டினாள்.

பக்கத்தில் வெல்லாவெளியிலிருந்து வந்த சீதேவி, குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி இருந்தாள். அவளுடைய மகளுக்கும் அதே வாட்டுத்தான், அடுத்த கட்டில்.

“பகல் பார்த்தன், தங்கச்சி. உங்கட சஹ்லா நேர்ஸ் குடுக்கிறதெல்லாத்தையும் தள்ளிப்போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திரிக்கு. உம்மா தந்தாத்தான் குடிக்குமாம்.”

ஹிதாயா கஞ்சிப் போத்தலின் மூடியை இறுக்கினாள். சஹ்லாவின் பிளேற்லெட் இறங்கிக்கொண்டிருந்தது. குடிக்காவிட்டால் ஆபத்து என்று டொக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

“நீங்க கெம்பஸில இந்த டெங்கைத்தானே ஆராயிறீங்க? நம்மட உடம்புக்கு இதை அடக்க ஏலாதா?”

“வைரஸுக்குள்ள நீளமா ஒரு நூல் இரிக்கு, அக்கா. நம்மட உடம்பில நொதியம் எண்டு ஒண்டு, காவல்காரன் மாதிரி. அந்த நூலை ஒரு நுனியில இருந்து மெண்டு தின்னும்.”

“மறுகா?”

“வால் பக்கம் நூல் முடிச்சுப் போட்டிரிக்கும். அதில கடிக்க ஏலாம நிண்டிரும். மிஞ்சின முடிச்சுகள் மற்றக் காவலையும் மறிச்சு வைச்சிரும். அதுக்கிடையில வைரஸ் பெருகிரும்.”

“முடிச்சு எண்டு கண்டா விட்டுட்டு வேற பக்கம் பார்க்கலாம்தானே?”

“எப்பிடிக் காணும்? அதுக்கு வாய் மட்டுந்தான், கண் இல்ல.”

சீதேவி கேற்றைப் பார்த்தாள். பிறகு எழும்பினாள்.

“நான் போய் முடிச்சு மாதிரி நிக்கிறன். நீங்க மெல்ல நடங்க.”

முத்தலிப்புக்கு முன்னால் போய் நின்றாள். “தம்பி, என்ட குடையைக் காணல்ல. உங்கட கேற்றடியிலதான் களவு போயிட்டு.”

முத்தலிப் முறைப்பாடு எழுதும் கொப்பியை எடுத்தார். கேற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். “என்ன நிறம்?”

“நீலம்.”

“கம்பி எத்தனை?”

“குடை பிடிக்கிற நேரம் ஆர் தம்பி கம்பி எண்ணுற?”

“அப்ப நினைச்சுப் பார்த்து ஆறுதலாச் சொல்லுங்க, அவசரமில்ல.”

ஹிதாயா உள்ளே நுழைந்து படியேறினாள்.

சஹ்லா உம்மாவைக் கண்டதும் அழுதாள். பிறகு மிடறு மிடறாகப் போத்தல் முழுவதையும் குடித்து முடித்தாள். நேர்ஸ் அளவைக் குறித்துக்கொண்டார்.

அரை மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தபோதும் முறைப்பாடு முடிந்திருக்கவில்லை. குடை இப்போது கறுப்பாகியிருந்தது. ஹிதாயா தலையைக் குனிந்துகொண்டு நழுவினாள். “கிடைச்சாச் சொல்லுங்க, தம்பி” என்றபடி சீதேவி வாங்குக்குத் திரும்பினாள்.

“டீச்சர்.”

ஹிதாயாவின் கால்கள் நின்றுவிட்டன. இனி ஐந்து மணிக்கும் விடமாட்டார்.

முத்தலிப் கொப்பியை மூடினார். “மகள் குடிச்சாவா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“நாளைக்கு அவவ வேற சாமான் ஏதும் துலைக்கச் சொல்லுங்க. குடை முழு நேரமும் அவட கக்கத்திலதான் இரிந்திச்சு.”