இருமல் மருந்து

"தொண்ணூத்தாறு வாங்கின பொண்ணு திடீர்னு முப்பத்தெட்டு வாங்கினா, தப்பு பொண்ணு மேலயா, பேப்பர் மேலயா?"

டாக்டரம்மா விடைத்தாளை மேஜைமேல் போட்டார். அவர் வந்தால் தலைமையாசிரியை அறையில் மின்விசிறிகூட அடக்க ஒடுக்கமாகத்தான் சுற்றும். பள்ளி நிர்வாகக் கமிட்டியில் அவரும் ஒருவர்.

எதிரே கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை முடிவு செய்யப்போவதும் அதே கமிட்டிதான்.

"பேப்பர் மேலதான் டாக்டர்," என்றாள்.

டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சண்டைக்கு வந்த இடத்தில் எதிராளி உடனே ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு என்ன பேசுவது?

"முன்னாடியெல்லாம் கேள்விக்குக் கீழயே நாலு விடை இருக்கும். சரியானதை டிக் பண்ணணும். அதுல என்ன குறையைக் கண்டீங்க?"

"பசங்களே போட்டுப் பார்த்து விடை எழுதட்டும்னு நினைச்சேன்."

"நீங்க நினைச்சீங்க. வீட்ல அவ சரியா சாப்பிடறதில்லை. கணக்குப் புத்தகத்தைத் தொட்டாலே அழறா." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவர்தான். ஆனாலும் பெற்ற வயிறு.

"போதாக்குறைக்கு, மத்தியானம் எல்லாரும் விளையாடறப்போ இவளை மட்டும் உட்காரவெச்சுக் காகிதத்தை மடிக்கச் சொல்றீங்களாம். தண்டனையா?"

"பின்னக் கணக்குக்காக டாக்டர். மடிச்சுப் பார்த்தா பாதி, கால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்."

"தொண்ணூத்தாறு வாங்கினவளுக்குப் பாதி, கால் தெரியாதா?"

டீச்சர் குனிந்து விடைத்தாளின் மடிந்த ஓரத்தை நீவிவிட்டாள்.

தலைமையாசிரியை பேச்சை மாற்றப் பார்த்தார். "உங்க பொண்ணுக்குப் பின்னாடி பெஞ்சுல ஒரு குட்டி இருக்குமே, லொக்கு லொக்குன்னு இருமும்னு பசங்க 'லொக்கு'ன்னே பேர் வெச்சாங்க. அதுக்கு நீங்கதானே வைத்தியம் பார்த்தீங்க?"

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பரீட்சையில அது இருமற சத்தம் தொந்தரவா இருக்குன்னு மீட்டிங்ல புகார் சொன்னாங்களே. பாவம், என் பொண்ணோட சிநேகிதி வேற. நானே பரிசோதிச்சேன். நெஞ்சு சுத்தமாத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு பாட்டில் மருந்து எடுத்துவெச்சு, எங்க வீட்டுக்கு விளையாட வரும்போதெல்லாம் என் கையாலயே ஊத்திக் குடுத்தேன். வேப்பங்காய் தோத்துப்போகும், அப்படிக் கசப்பு. மறுபேச்சு பேசாம குடிச்சுது. இப்போ ஒரு இருமல் உண்டா?"

"இல்லை டாக்டர். நல்ல மருந்து," என்றாள் டீச்சர்.

"என் வேலையை நான் ஒழுங்கா செய்யறேன். நீங்களும் உங்க வேலையைச் செய்யுங்க. அடுத்த பரீட்சையிலயும் இதே கதின்னா கமிட்டியில நான் சும்மா இருக்க மாட்டேன்."

"சரிங்க டாக்டர்."

டாக்டரம்மா போய்விட்டார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உங்களுக்காகக் கமிட்டியில நான்தானேம்மா பேசணும். வேலியில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில கட்டிக்கணும்? பேசாம அந்த நாலு விடையையே திரும்பக் கொண்டு வந்துடுங்க."

"கொண்டு வந்தா இருமலும் திரும்ப வந்துடும் மேடம்."

"எந்த இருமல்?"

"லொக்கு பாடம் நடக்கும்போது இருமி நான் பார்த்ததே இல்லை. பரீட்சையில மட்டும்தான் இருமும். ஒரு இருமல்னா 'அ'. ரெண்டுன்னா 'ஆ'. முன் பெஞ்சுல டாக்டரம்மா பொண்ணு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். நான் நாலு விடையை எடுத்தேன், இருமல் நின்னுது. அதே சமயத்துல டாக்டரம்மா மருந்து குடுத்ததால பேர் மருந்துக்குப் போச்சு."

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தப் பொண்ணைத் தனியா கூப்பிட்டு, அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சுது. அதுக்கு ரொம்ப நாளாவே புரியலை மேடம். அந்தத் தொண்ணூத்தாறுதான் யாருக்கும் தெரியாம மறைச்சு வெச்சிருந்தது. இப்போ மத்தியானத்துல கூட உட்கார்ந்து சொல்லிக்குடுக்கறதும் லொக்குதான். இருமாம, வாயைத் திறந்து. நேத்து டாக்டரம்மா பொண்ணு காகிதத்தை மடிக்காமலே முக்கால்னு சொல்லிடுச்சு."

"இதை அந்தம்மாகிட்டயே சொல்லியிருந்தா உங்க தலை தப்பியிருக்குமே. ஏன் அத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

டீச்சர் மேஜையில் கிடந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

"சிநேகிதியைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு, ஒரு நோயும் இல்லாம ஒரு பாட்டில் கசப்பு மருந்தைக் குடிச்சிருக்கு அந்தக் குட்டி. ஒரு திட்டை என்னால முழுங்க முடியாதா மேடம்?"