ஐஸ்லாந்தில் மாப்பிள்ளை பார்த்த நாள்

"அக்கா, ஃபோனை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ! எரிமலையைக் காணேல்லை, உங்கடை கோட்டுப் பொத்தான்தான் தெரியுது!"

தெல்லிப்பழை வீட்டுக் கூடத்தில் ரீவிக்கு முன்னால் ஷாமினி துள்ளிக்கொண்டிருந்தாள். லண்டனில் இருக்கும் பெரியப்பா மகள் தனுஷா, ஐஸ்லாந்துச் சுற்றுலா பஸ்ஸிலிருந்து எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்தாதை எடி! மாப்பிள்ளைக்குக் கேட்டிடும்," என்றாள் தனுஷா.

ஷாமினிக்குப் பேசிய மாப்பிள்ளை கெல்வின் அங்கே தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டி. சம்பந்தம் பேசியவர்கள் அனுப்பிய ஒரே படத்தில் பனித்தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சால்வை. நடுவில் ஒரு மூக்கு. "மூக்கைப் பார்த்து எப்பிடி ஓம் சொல்லுறது?" என்று ஷாமினி கேட்டாள். இன்றிரவு பதில் சொல்லியாக வேண்டும். ஊர் வழக்கப்படி ரகசியமாக விசாரித்துவரத் தனுஷா அவனுடைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

திரையில் எரிமலைக் குழம்பு கறுப்புப் பாறையாக உறைந்து கிடந்தது. அதற்கு நடுவே தொப்பியும் கண்ணாடியுமாக வழிகாட்டி நடந்தான்.

"உயரம் காணும்," என்றாள் அம்மா சுகிர்தம். "குரலும் நல்ல குரல். சேர்ச்சில பாடுவார் போல."

அந்த நேரம் பார்த்து யாரோ கேற்றைத் தட்டினார்கள். வாசலில் ஓர் இளைஞன்.

"அன்ரி, மேல்வீடு வாடகைக்கு எண்டு போர்ட் கண்டனான்."

"இவளின்ரை அப்பா சுன்னாகத்துக்குப் போயிட்டார் தம்பி. இப்ப வந்திடுவார், இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்," என்றாள் சுகிர்தம்.

உள்ளே வந்தவன் ரீவியைக் கண்டு ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். பிறகு கதிரை நுனியில் உட்கார்ந்தான்.

"ஐயோ, கூழ்முட்டை மணக்குதடி!" என்றாள் தனுஷா. நிலமெல்லாம் புகைந்தது. நடுவில் ஒரு குழியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இப்ப தண்ணி நீலமா உப்பும், பாருங்கோ," என்றான் வந்தவன்.

உப்பியது. அடுத்த நொடி வெந்நீர் பனை உயரத்துக்குச் சீறிப் பாய்ந்தது! ஷாமினி கூவினாள்; அவனும் கூவினான். இருவரும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"யூடியூப்பிலை பார்த்தனான்."

அடுத்தது அருவி. ஆறு முழுவதும் பாதாளத்துக்குள் விழ, மேலே வானவில் நின்றது.

"அம்மா! அங்கை போனா இதை நினைச்ச நேரம் பார்க்கலாம்!"

"அப்ப ஓம் சொல்லட்டோ?"

ஷாமினியின் முகம் ஓம் என்றது.

அதற்குள் பஸ்ஸடியில் ஒரே சத்தம்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ! பிந்தி வாறவை அடுத்த பஸ்ஸிலை வரட்டும்!" என்று வழிகாட்டி அவசரப்படுத்தினான்.

"எங்களோடை வந்த வயசான செபநாயகம் ஐயா இன்னும் அருவியடிப் படி ஏறிக்கொண்டிருக்கிறார், பொறுங்கோ!" என்றாள் தனுஷா.

"அதுக்கு நான் என்ன செய்ய? நடக்கேலாதவை வீட்டிலை இருக்கவேணும்."

ஷாமினியின் சிரிப்பு நின்றது. "அம்மா, உவர் எனக்கு வேண்டாம். இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ. வயசான மனிசனை வழியிலை விடுறவர் என்னை எங்கை விடுவாரோ!"

வந்தவன் துள்ளி எழுந்தான். தேத்தண்ணி சேர்ட்டில் கொட்டியது. "ஐயோ, அவசரப்படாதேங்கோ!"

"உங்களுக்கென்ன? வீடு பார்க்க வந்தனீங்கள், வீட்டைப் பாருங்கோ!"

அங்கே தனுஷா கோபத்தில் ரகசியத்தையே மறந்துவிட்டாள். "கெல்வின்! உங்களைப் பற்றி எங்கடை வீட்டிலை நான் என்னெண்டு சொல்லுறது?"

"நான் கெல்வின் இல்லை, அக்கா," என்றான் வழிகாட்டி. "அவர் லீவு. இண்டைக்கு அவருக்குப் பதிலா வந்தனான். அவர் பொம்பிளை வீட்டாருக்குத் தெரியாமல் பொம்பிளையைப் பார்க்கவெண்டு யாழ்ப்பாணம் போயிட்டார்."

ஷாமினி மெல்லத் திரும்பினாள்.

சேர்ட்டைத் துடைத்தபடி நின்றவன் சொன்னான்: "நான் ஒருநாளும் ஒராளையும் விட்டிட்டு பஸ் எடுத்ததில்லை, ஷாமினி."