கன்றிய இடம்

டிரைவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மனைவியின் மார்பில் களிம்பு தடவினான்.

பழைய ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கன்றல். உள்ளங்கை அகலம். இரண்டு மாதமாகியும் வற்றவில்லை.

சோறு ஆறிப்போயிருந்தது என்று அவளைப் பீரோ மேல் தள்ளினான் ஒருநாள். தள்ளுவதொன்றும் அவனுக்குப் புதிதில்லை. ஆனால் மறுநாள் அவள் துணியை விலக்கிக் காட்டியதும் வெலவெலத்துப் போனான். புற்றுநோயிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த மார்பு அது.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டான். குடியை விட்டான். பாத்திரம் கழுவினான். அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று யாரோ தைக்கக் கொடுத்த துணியைப் பாழாக்கினான். அவள் திட்டினாள், அவன் சிரித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

என்ன சொக்குப்பொடி போட்டாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று நச்சரித்தவனும் அவன்தான். தானாக ஆறிவிடும் என்று நாளைக் கடத்தியவள் அவள். கடைசியில் போனாள். சோதனைக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அன்று வாசலிலேயே காத்துக் கிடந்தான். இன்று காலை முடிவு சொல்லும்போது லோடு ஏற்றப் போயிருந்தான்.

அது கன்றல் இல்லையாம். வேறொரு புற்றுநோய். பழையது திரும்பி வரவில்லை. அதைக் கொல்ல ஏழு வருஷத்துக்கு முன் வைத்த கரண்டால், அந்தக் கதிர்வீச்சால் வந்தது இது. ஆயிரத்தில் ஒருத்திக்கு வந்தாலே அதிகமாம். இடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். மார்பையே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்.

அந்தக் கரண்டு வைத்த நாளெல்லாம் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். தோல் வெந்து, துணி பட்டாலே எரியும். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவாள். அவன் ஒருநாள்கூடக் கூட வரவில்லை.

சாவைவிட அந்தப் பஸ்ஸை நினைத்தால்தான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. தன்மேல் தப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவான்.

சொன்னாள். புற்றுநோய் என்பதையும், எடுக்க வேண்டும் என்பதையும் மட்டும்.

களிம்பு தடவிய கை நின்றுவிட்டது. அவன் கட்டிலை விட்டுத் தரையில் உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"நான் தள்ளினதாலதானே?"

அவன் தள்ளுவதற்கு முந்தின வாரமே, குளிக்கும்போது, அவள் அந்த ஊதாவைப் பார்த்திருந்தாள். அப்போது அது கட்டைவிரல் அளவுதான் இருந்தது.

"ஆமாங்க" என்றாள்.