பாதுகாப்பு நிலைமை அனுமதித்தால்

"உன்னைப் பத்தி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? நீயே எழுதிடும்மா," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

எழுத வேண்டியது பரிந்துரைக் கடிதம். யாருக்கு என்றால், அவளுக்கேதான்.

விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது: கடிதம் ரகசியமானது, விண்ணப்பதாரர் கண்ணில் படக் கூடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா தட்டச்சு செய்ய முடியும்?

பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றி ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கான இரண்டு வருட உதவித்தொகை அது. இருப்பது ஒரே இடம். முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியவர்களுக்குக் கதவு அடைப்பு. அவளுக்கு அடுத்த மாதத்தோடு ஐந்து முடிகிறது.

காதோரம் நரைத்த பிறகும் ஒருத்தியை இளம் என்று கூப்பிடுகிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். இதையும் விட்டால் நேரே கிழவிதான்.

நாலு மணிக்குள் கடிதம் ஒட்டிய உறையில் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது மூன்று.

பேராசிரியரை மாணவர்கள் புறா என்பார்கள். சமாதானத்துக்கு எங்கே கூட்டம் போட்டாலும் பறந்துவிடுவார். இப்போது வானொலிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தை மேசையில் பெண்களுக்கு நாற்காலி வேண்டுமாம்.

அறையில் நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர். இன்னொன்றில் அவர் வாங்கிய கேடயங்கள்.

அவள் புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து தட்டினாள்.

தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது சொல்லத்தான் சுலபம், கை எட்டாது. 'கடின உழைப்பாளி' என்று எழுதினாள். கழுதைக்கும் அதைச் சொல்லலாம் என்று அழித்தாள். 'பொறுமைசாலி' என்று எழுதினாள். உண்மை என்பதால் விட்டுவிட்டாள்.

ஆய்வைப் பற்றிய பத்தி வந்ததும்தான் விரல் ஓடியது. பதினோரு சமாதான ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்தவள் அவள். பெண்களும் பங்கேற்பார்கள் என்று எல்லாவற்றிலும் இருக்கும். வாலில், ரொம்ப அக்கறையாக, ஒரு துண்டு ஒட்டியிருக்கும்: பாதுகாப்பு நிலைமை அனுமதித்தால்.

பதினோரு ஒப்பந்தத்திலும் நிலைமை ஒரு நாளும் அனுமதிக்கவில்லை. அந்த மூன்று சொல்லைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அந்த ஆய்வேட்டை உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தவள் அறைத்தோழி. ஒரே தட்டில் தின்று, ஒரே போர்வையை இழுத்துப் போட்டுத் தூங்கிய சிநேகிதம். போன வருடம் இருவரும் இதே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். தோழிக்குக் கிடைத்தது. உனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று அழுததும் தோழிதான். தோற்றவள் ஜெயித்தவளின் கண்ணைத் துடைத்துவிட வேண்டியதாயிற்று.

கடிதம் முடிந்தபோது மூன்றரை.

புறா கைபேசியைப் பொத்திக்கொண்டு, அப்படியே தன்னிடம் ஆய்வு முடித்த இன்னொருத்தி, சின்னவளுக்கும் ஒன்று எழுதிவிடச் சொன்னார். சின்னவளும் அதே ஒரு இடத்துக்குத்தான் போட்டிருக்கிறாள். ஆனால் கூச்சம், தன்னைப் பற்றித் தானே எழுத வரவில்லையாம். உனக்குத்தான் கை வந்துவிட்டதே என்றார்.

சின்னவள் வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள். முப்பதுகூட ஆகவில்லை. இன்னும் மூன்று தடவை விண்ணப்பிக்கலாம். அக்கா, அக்கா என்று காலைச் சுற்றி வருகிற பெண். மூளை, அக்காவைவிட ஒரு பிடி அதிகம். அது அக்காவுக்கும் தெரியும்.

அடுத்தவளைப் புகழ்வது எவ்வளவு சுலபம். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. படித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. தேவைக்கு மேலேயே நன்றாக இருந்தது.

முதுகு விட்டுப்போயிற்று. எதிரே கேடயங்கள் வசதியாகச் சாய்ந்திருந்தன.

கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். பொய் இல்லை, பழி இல்லை. ஒரு அக்காவின் கவலை, அவ்வளவுதான்.

'மென்மையான சுபாவம் கொண்டவர். பாதுகாப்பு நிலைமை அனுமதித்தால், களத்தில் சிறப்பாகப் பணியாற்றுவார்.'

பேட்டி முடிந்தது. முதல் கடிதத்தில் புறா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் பேனா நின்றது. கையெழுத்துக்கு இடம் தேடிய கண்ணில் கடைசி வரி பட்டுவிட்டது.

அவளுக்குப் பிடரி வேர்த்தது.

அவர் முகமோ கனிந்தது. கையெழுத்தைப் போட்டு, உறைக்குள் வைத்து, பசை தடவி ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்தார்.

"போன வருஷம் உன் ரூம்மேட் உனக்கு எழுதிக் குடுத்த லெட்டர்லயும் கடைசியில இதே வரிதாம்மா. பொண்ணுங்களுக்குள்ள என்னா பாசம்."

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வராந்தாவில் சின்னவள் இரண்டு டீயோடு நின்றாள். ஒன்று அக்காவுக்கு.

உறையில் பசை இன்னும் காயவில்லை.