மௌனமாகக் கொள்ளவும்

பேசிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

இவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கேள்வி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. உங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுங்கள், அவ்வளவுதான். பதிவுசெய்த ஒரு பெண்குரல் அதைக் கேட்கும். எங்கோ ஒரு தேர்வு மையத்தில் உட்கார்ந்து யாரோ பதில் சொல்வார்கள். அந்தப் பதிவைச் சென்னையில் இந்த அறையில் கேட்டு இவள் மதிப்பெண் போடுவாள். பெயர் வராது. எண் மட்டும் வரும்.

மூன்று வாங்கினால் விசா கிடைக்கும். இரண்டு என்றால் இல்லை.

இந்தத் தேர்வுக்கு வருகிறவர்கள் எல்லோருமே யாரிடமோ போய்ச் சேர வேண்டியவர்கள்.

கிச்சன் ஸ்மால் என்றாள் அந்தப் பெண். ஒன் விண்டோ என்றாள். அதற்குள் சமையலறைக்குள் மகன் வந்துவிட்டான். மை சன் லைக் தோசை. மை சன் இன் லண்டன். வித் ஃபாதர்.

அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

மூச்சு கேட்டது. மின்விசிறி கேட்டது. பிறகு மெல்ல, தனக்குத்தானே, தமிழில் சொன்னாள்.

"இந்தத் தடவையும் வரலைன்னா எம்புள்ள என்னைய மறந்துருவான், சாமி."

அதற்கு மதிப்பெண் கிடையாது. வேறு மொழியில் எதைச் சொன்னாலும் மௌனமாகக் கொள்ளவும். விதி அப்படி. பயிற்சியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவள்தான்.

மற்ற வாரங்களில் தொல்லை இல்லை. எந்த நாட்டுக்காரர் எதை முணுமுணுத்தாலும் இவளுக்கு அது நிஜமாகவே மௌனம்தான். இந்த வாரம் பார்த்து நம் ஊர்க் குரல்களாக வந்து தொலைக்கின்றன.



இரண்டு போட வேண்டிய பதில். அதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தை இழுத்து மூடும்வரை அங்கே ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் இவள். தராதரம் தெரியாதவள் இல்லை.

காலையில்தான் மேற்பார்வையாளர் ஹெப்சிபா தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள். நடுநடுவே மாதிரிப் பதிவுகள் வரும். பழைய தேர்வுகளிலிருந்து எடுத்தவை. மதிப்பெண் என்றைக்கோ முடிவாகிவிட்டவை. இவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்ப்பதற்காகக் கலந்து விடுவார்கள். எது மாதிரி, எது நிஜம் என்று முன்னால் தெரியாது. போட்ட பிறகுதான் தெரியும். மாதிரியாக இருந்தால் சரி என்றோ தவறு என்றோ திரை உடனே சொல்லும். நிஜமான ஆளாக இருந்தால் ஒன்றும் சொல்லாது. அடுத்த எண் வந்துவிடும்.

இவளுக்குத் தவறுகள் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. இன்னொன்றைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கும் மேலே ஒன்று விழுந்தால் வேலை போய்விடும். ஐம்பதை நெருங்குகிற வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்?

எல்லாம் தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

மூன்று போட்டாள்.

போய்ச் சேரும்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். போய் அவனுக்குத் தோசை சுட்டுப் போடு.

ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

திரையில் சிவப்புக் கட்டம் வந்தது.

மாதிரிப் பதிவு. உங்கள் மதிப்பெண் தவறு. சரியான மதிப்பெண்: இரண்டு. காரணம்: நீண்ட மௌனம்.

இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அந்தப் பெண் எப்போதோ தோற்றுவிட்டாள். தோற்று வீட்டுக்கும் போய்விட்டாள். பையன் வளர்ந்திருப்பான். மறந்தானோ என்னவோ.

பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் செல்வின் எட்டிப் பார்த்தான். சிவப்பைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தோசை அக்காவா? எனக்கும் வந்துச்சுக்கா. நானும் மூணுதான் போட்டேன். இங்க எல்லாருமே மூணுதான்."

அவன் சிரிக்கவில்லை. தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான்.

இவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். ஆளுக்கொரு தடவை அவளை லண்டனுக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

ஹெப்சிபா தன் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். திட்டவில்லை. இனிமேல் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த எண் வந்தது.

வயதானவர். அதே கேள்வி. கிச்சன் என்றார். மை வைஃப் குட் குக் என்றார். நவ் நோ வைஃப் என்றார். ஐ கோ டாட்டர் ஹவுஸ், கனடா என்றார்.

அவருக்கும் அங்கேயே நின்றுவிட்டது.

இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை ஏமாற முடியாது. இவரும் எப்போதோ தோற்றுப்போனவராகத்தான் இருக்கும். இவருக்கும் இந்த அறையில் எல்லோரும் மூன்று போட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டது இயந்திரம் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தமிழில் பேசினார்.

"கொஞ்சம் பொறும்மா. தெரியும். வந்துரும்."

இவள் பொறுக்கவில்லை.

மௌனம் என்று குறித்தாள். இரண்டு போட்டாள்.

போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். இப்போது பச்சைக் கட்டம் வரும். மாதிரிப் பதிவு, உங்கள் மதிப்பெண் சரி என்று சொல்லும்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த எண் வந்தது.